ஏரிக்கரையில் நீட்டிய வெற்றிலை

— இருங்க, இருங்க. கம்மாக்கரையில ஒரு ஓட்டலு. ஸ்டூடியோக்காரன்கிட்ட இரவல் வாங்குன கோட்டை மாட்டிக்கிட்டு அதுல போயி உக்காந்தீங்க. சரி. அந்தக் கம்மாய்க்கு மடை உண்டா?

— ஏட்டி அழகுத்தாயி, கம்மா இல்லன்னு எத்தனை தடவை சொல்ல? ஏரி. அதாவது, இத்தாலியிலயே பேரு போன ஏரி. சுத்தி மலை. நம்ம ஆறாவது மைல் தண்ணித் தேக்கத்தை மாதிரி நூறைச் சேத்துப் போட்டாலும் அதுல ஒரு மூலைக்குக் காணாது.

— மடை இல்லாத தண்ணி எம்புட்டு கெடந்து என்ன? ஒரு வயலு பாயுமா? சரி, சோத்தைப் பெசைஞ்சு தின்னுக்கிட்டே சொல்லுங்க. மூஞ்சியைப் பாத்தா சோறு கண்டு பத்து நாளு ஆன மாதிரி இருக்கு.

— ஆச்சுல்ல? பத்து நாளு.

— பத்து நாளு இத்தாலி. அதுக்குப் பொறவு ரெண்டு நாளு எங்க? உங்க கூட வந்த மில்லு பிட்டரு சோலைராஜ் வெள்ளிக்கிழமையே ராஜபாளையம் வந்து பஸ்ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டு இருக்கான். யூனியன் செயலாளரு நீங்க இன்னைக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து எறங்குதீக.

— விருதுநகரு யூனியன் கமிட்டி ஆபீசுல ஒரு சோலி. அதாவது, அவசரச் சோலி.

— ம். அந்தச் சோலியைப் பொறவு பேசுவோம். மேசையில யாரு யாரு இருந்தாக?

— அஞ்சு பேரு. சின்ன முதலாளி, மேனேஜர் ஸுந்தரராஜன் சாரு, சோலைராஜ், மிசினு கம்பெனி வெள்ளைக்காரரு ஒருத்தரு, பொறவு நானு. எல்லாரும் சிநேகிதமா ஒரே மேசையில.

— சிநேகிதமா!

— முதலாளியே சொன்னாக. "இருளப்பசாமி, இங்கன முதலாளி தொழிலாளியெல்லாம் கிடையாது, நாம எல்லாரும் பிரண்ட்ஸு"ன்னாக. ஏரியைப் பாத்த நாற்காலியை இழுத்து, என்னையத்தான் அதுல உக்காரச் சொன்னாக.

— மில்லு ஆபீசுல பதினோரு வருசமா உங்களுக்கு ஒரு ஸ்டூலு போட்டது கிடையாது. சம்பளம் பேசப் போனாலும் போனசு பேசப் போனாலும் கால் கடுக்க நின்னுட்டுத்தான் வருவீக. நாற்காலி குடுக்க ஏழு கடலைத் தாண்டணும்னு அவுகளுக்குத் தோணியிருக்கு பாருங்க.

— நீ எதைச் சொன்னாலும் குத்தியே பேசுவியா?

— குத்தலை. வெவரம் கேக்கேன். மொதல்ல என்ன வச்சாக?

— ரொட்டி. கல்லு மாதிரி இருந்துச்சு. கூட ஒரு கிண்ணத்துல பச்சைக் கலர்ல எண்ணெய். தலைக்குத் தேச்சுக்கிடக் குடுக்காகளோன்னு நான் செத்த நேரம் முழிச்சேன். சோலைராஜ் அவசரக் குடுக்கை. மொத்தச் சாப்பாடே அதுதான்னு நெனச்சு எட்டு ரொட்டியை உள்ள தள்ளிட்டான். பொறவு மீனு வருது, சேமியா வருது, பய வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்.

— சேமியாவா? பாயாசமா?

— பாயாசம் இல்ல. பம்பரக் கயிறு தண்டிக்கு ஒரு சேமியா. ஒரு நுனி வாயில இருந்தா மறு நுனி தட்டுல கெடக்கு. முள்ளுக் கரண்டியில சுத்திச் சுத்தித்தான் திங்கணுமாம்.

— வைண்டிங்குல நாங்க கோன்ல நூலு சுத்துத மாதிரி.

— அதேதான்! நான் சுத்துன சுத்தைப் பாத்து முதலாளியே சிரிச்சுட்டாக. "வைண்டிங் செக்ரட்டரின்னா சும்மாவா"ன்னாக.

— சிரிக்காம என்ன செய்வாக? நூலைச் சுத்த இனிமே ஆளு வேண்டாம், சேமியாவைச் சுத்த ஒரு ஆளு சிக்கிட்டாருன்னு சிரிச்சிருப்பாக. ருசி எப்படி?

— ருசியாவது ஒண்ணாவது. உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. நீ குடுத்து விட்ட எலுமிச்சங்காய் ஊறுகா இருந்துச்சோ, பொழைச்சேன். மேசைக்கு அடியில மடியில வச்சுக்கிட்டு, யாரும் பாக்காத நேரம் தொட்டுத் தொட்டுத் தின்னேன்.

— ஏட்டி அழகு! தம்பி சாப்பிட்டாச்சா?

— இப்பத்தான் உக்காந்திருக்காக, முத்தாத்தா மதினி! செத்த பொறுங்க. மோரு ஊத்துனதும் கூப்பிடுதேன்.

— என்னட்டி, முத்தாத்தா அக்கா வாசல்ல நிக்கா? அவ பொறத்தால யாரு அம்புட்டுக் கூட்டம்? குழாயில தண்ணி வருதா?

— தண்ணி செவ்வாக்கிழமைதான். இவுக உங்களைப் பாக்க வந்தவுக. வைண்டிங் பொம்பளைக.

— முப்பது பேருக்கு மேல இருக்கும் போலயே.

— முப்பத்தி ரெண்டு. மத்தவுக தளவாய்புரம் பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்காக. உங்க பெரியப்பா மக முத்தாத்தா மதினிதான் எல்லாரையும் கூட்டியாந்திருக்காக. தம்பி வாயால ஒரு சொல்லு கேட்டாப் போதுமாம்.

— என்ன சொல்லு?

— சாப்பிடுங்க. மொதல்ல சாப்பிடுங்க. மேனேஜரு அந்தச் சேமியாவைத் தின்னாரா? ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாளைச் சேவிக்காம காப்பி குடிக்காத மனுசனாச்சே.

— அவரு பாடுதான் பெரும்பாடு. எதுல என்ன கெடக்கோன்னு பயம். பரிமாற வந்த பொம்பளைகிட்ட ஒரு தாளை வாங்கி மாடு, கோழி, மீனு மூணையும் படமா வரைஞ்சாரு. மூணையும் குறுக்க அடிச்சுக் காட்டுனாரு. அவ தலையை ஆட்டிட்டு உள்ள போயி ஒரு தட்டைக் கொண்டாந்து பக்குவமா வச்சா.

— என்னது?

— முட்டை. மூணு முட்டை உடைச்சு ஊத்துனது. முட்டையை வரைய மறந்துட்டாரு மனுசன்.

— கோழியை அடிச்ச ஐயங்காரு முட்டையை விட்டுட்டாராக்கும். பொறவு பட்டினியா?

— வெறுஞ்சோறு கேட்டு வாங்கி, பையில இருந்து புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்தாரு பாரு. ஓட்டல் பூராவும் புளியோதரை மணம். பக்கத்து மேசை வெள்ளைக்காரி ஒருத்தி எந்திரிச்சு வந்து மோந்து பாத்துட்டுப் போனா.

— புளிக்காய்ச்சல் மட்டுந்தான் கொண்டு வந்தாரா, பையில வேற எதுவும் இருந்துச்சா?

— வேற என்ன? துண்டு இருக்கும், சோப்பு இருக்கும்.

— ம். அந்த மிசினைச் சொல்லுங்க. அதைப் பாக்கத்தான போனீக? ஏரியைப் பாக்கப் போனீகளா?

— மிசினுன்னா அதுதான் மிசினு அழகு! ஆட்டோகோனரு. அதாவது, நூலு அந்துச்சுன்னா அதுவே கண்டுபிடிச்சு, ரெண்டு நுனியையும் அதுவே உறிஞ்சி எடுத்து, காத்தை அடிச்சே ஒட்டிருது. முடிச்சே கிடையாது. விரலை வச்சுத் தடவிப் பாத்தேன், ஒட்டுன எடம் தெரியலை.

— மனுசி?

— மனுசி எதுக்கு? ஷிப்டுக்கு மூணு பேரு போதும். ரெண்டு ஷிப்டுக்கும் சேத்து ஆறு.

— எம்பத்து நாலு பேரு இருக்கோம்.

— ஒரேயடியா யாரையும் அனுப்ப மாட்டாக. அதாவது, கட்டம் கட்டமா...

— எந்த ஆறு?

— ரசம் இருக்கா?

— இருக்கு. எந்த ஆறு பேருன்னு கேட்டேன்.

— அதெல்லாம் இன்னும் பேச்சுவார்த்தையில கெடக்கு. நீ ரசத்தை ஊத்து. பொறவு, உனக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன். அந்தப் பையில மேலாப்புல இருக்கு பாரு. வெள்ளைத் துணி. அந்த ஓட்டல்ல மடியில விரிச்சுக்கிடக் குடுத்தது.

— களவாண்டுட்டு வந்தீகளா?

— மடியிலயே இருந்துச்சு, எந்திரிக்கும்போது கையோட வந்துருச்சு.

— நல்ல துணிதான். நாப்பதாம் நம்பர் நூலு இருக்கும். பழசு. நூறு தடவை வெளுத்திருப்பாக... இந்தா, இங்கன தொட்டுப் பாருங்க. ஓரத்துல.

— என்ன?

— முடிச்சு. கையால போட்ட முடிச்சு. வாலைக் குட்டையா வெட்டி விட்டிருக்கா. நல்ல கைக்காரி.

— மிசினு வராத காலத்துத் துணியா இருக்கும்.

— இதைப் போட்டவ இப்ப எங்க இருக்காளோ?

— யாரு கண்டா? ஆனா அன்னைக்கு எங்களுக்குப் பரிமாறுனாளே, முட்டை கொண்டாந்தவ, அவளும் மில்லுக்காரிதானாம். அந்த ஏரியைச் சுத்திப் பூராவும் பட்டு மில்லு. இருபத்தி ரெண்டு வருசம் வைண்டிங்குல நின்னவளாம். லேட்டா வந்து சேந்த மிசினு கம்பெனி வெள்ளைக்காரரு அவகிட்ட அவுக பாஷையில கேட்டு மேனேஜர் சாருக்குச் சொல்ல, அவரு எனக்குச் சொன்னாரு. ஆட்டோ மிசினு வந்த வருசம் வெளிய அனுப்பிட்டாகளாம்.

— இப்பத் தட்டு எடுக்கா.

— முதலாளி என்ன சொன்னாக தெரியுமா? "பாத்தியா இருளப்பசாமி, வேற வேலை கெடைச்சு சந்தோசமா இருக்காங்க"ன்னாக.

— அவ சந்தோசமாவா இருந்தா? நீங்க பாத்தீகள்ல, உங்க கண்ணு என்ன சொல்லுது?

— என் கோட்டுல யூனியன் பேட்ஜ் குத்தியிருந்தேன். அதைப் பாத்தா. பொறவு என் மூஞ்சியைப் பாத்தா. தட்டை நங்குன்னு வச்சுட்டுப் போயிட்டா.

— நல்ல பொம்பளை.

— அதோட எனக்குச் சாப்பாடு எறங்கலை, நெசமாத்தான் சொல்லுதேன்.

— எறங்காமத்தான் தட்டை வழிச்சு வச்சீகளாக்கும். சோலைராஜ் சொன்னான், கடைசியா வந்த இனிப்புல ரெண்டு கிண்ணம் செயலாளருதான்னு.

— அவன் வேற என்ன சொன்னான்?

— வந்துட்டீகளா எடத்துக்கு? சொல்லுதேன். சாப்பாடு முடிஞ்சதும் மேனேஜரு பையில இருந்து ஒரு சின்னத் தாம்பாளத்தை எடுத்தாராம். சோழவந்தான் வெத்தலையை ஈரத்துணியில சுத்தி ஊருல இருந்தே கொண்டு வந்திருந்தாராம். வெத்தலை, பாக்கு, தேங்காய்க்குப் பதிலா ஓட்டல்ல கேட்டு வாங்குன எலுமிச்சம்பழம். அந்த நேரம் பாத்து முதலாளி சோலைராஜைக் கூப்பிட்டு, "கார் டிரைவர் எங்க நிக்கான், பாத்துட்டு வா"ன்னு அனுப்பிட்டாகளாம். பய திரும்பி வந்து பாத்தா தாம்பாளம் காலி. யாரு எடுத்தான்னு அவனுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

— சாப்பிட்டா வெத்தலை போடுததுதான வழக்கம்? அதை ஒரு பெரிய...

— செயலாளரய்யா. கல்யாண வீட்டுல சோத்துக்குப் பொறவு கூடையில வச்சிருப்பாக, அது வாயிக்கு. தாம்பாளத்துல வச்சு எந்திரிச்சு நின்னு நீட்டுதது வாக்குக்கு. பொண்ணு நிச்சயம் பண்ணாலும் வெத்தலை, பங்காளி தகராறு தீந்தாலும் வெத்தலை. தட்டை வாங்கிட்டா, வாங்குனவன் தலையே போனாலும் பேச்சு மாத்தக் கூடாது. இது உங்களுக்கு நான் சொல்லணுமா? உங்க தங்கச்சி நிச்சயத்துல தட்டு வாங்குன பொறவு மாப்பிள்ளைக்கு ஒரு கண்ணு மந்தம்னு தெரிஞ்சப்ப, "தட்டு மாத்தியாச்சு, இனி கண்ணைப் பாத்து என்ன"ன்னு சொன்னது யாரு?

— நாந்தான்.

— அந்த வாயாலதான் வாசல்ல நிக்கவுகளுக்குப் பதிலு சொல்லணும். நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்கு மில்லுக்கு லாரி வருது. எங்க பழைய வைண்டிங் மிசினு பத்தையும் கழட்டி ஏத்துதாக. சர்வீசுக்குன்னு நோட்டீசு ஒட்டியிருக்கு. ஆனா வாரது காயலான் கடைக்காரன் லாரின்னு வாச்மேன் சொல்லுதான். எது நெசம்? நீங்க தட்டை வாங்கலேன்னா நோட்டீசு நெசம். யூனியன் சம்மதம் இல்லாம மிசினை விக்க மாட்டாக. எப்பயும் போல வேலைக்குப் போயிருவோம். வாங்கியிருந்தீகன்னா, எம்பத்து நாலு பேரும் அஞ்சு மணிக்கே கேட்டுல போயி உக்காருவோம். லாரி எங்க மேல ஏறித்தான் உள்ள போகணும். முத்தாத்தா மதினி முன்னாடி உக்காருதேன்னு சொல்லியாச்சு, நான் அவுக பக்கத்துல.

— நீயுமா?

— பொறவு? நான் செயலாளரு பொண்டாட்டிங்கதுக்கு முன்னாடி வைண்டிங்காரி. பதினேழு வருசம். நிமிசத்துக்குப் பன்னெண்டு முடிச்சு. இப்பச் சொல்லுங்க. வாங்குனீகளா?

— அதாவது, சூழ்நிலையை நீ புரிஞ்சுக்கிடணும்.

— சூழ்நிலை ஏரிக்கரையில இருக்கட்டும். வாங்குனீகளா, இல்லையா?

— என்னைய அப்படிப்பட்ட ஆளுன்னா நெனைக்க?

— கேள்விக்குக் கேள்வி பதிலாகாது.

— வாங்கலை. போதுமா? வாங்கலை.

— சத்தியமா?

— சோத்துல கைய வச்சுக்கிட்டுச் சத்தியம் கேக்காத.

— சரி, கேக்கலை. நம்புதேன். அந்தக் கோட்டை இங்கன தள்ளுங்க.

— கோட்டு எதுக்கு?

— ஸ்டூடியோக்காரன் காலையிலயே ஆளு விட்டுட்டான், இன்னைக்கு ஒரு மாப்பிள்ளைப் படத்துக்கு வேணுமாம். பையில கெடக்கதை எடுத்துட்டுக் குடுக்கணும்ல? இது பஸ் டிக்கெட்டு. இது சீப்பு. இது என்ன உள்பையில மெத்துமெத்துன்னு...

— அழகு, அதை விடு.

— வெத்தலை. ரெண்டு வெத்தலை, ஒரு கொட்டைப் பாக்கு. மடிச்சது மடிச்ச மாதிரி காஞ்சு கெடக்கு.

— மெல்லலை பாரு. வாயில போடவே இல்ல.

— அடேயப்பா! வாயில போடலையாம்! வாங்குனது கை, மென்னாத்தான் குத்தமாக்கும். ஏன்யா, நீரெல்லாம் ஒரு செயலாளரா? கேட்டு முன்னாடி நின்னு மைக்கைப் புடிச்சா மழை பேஞ்ச மாதிரிப் பேசுவீரு. அங்கன ஒரு நாற்காலி, ரெண்டு கிண்ணம் இனிப்பு, எம்பத்து நாலு பேரு போச்சு.

— மரியாதையாப் பேசு. வாசல்ல கேக்கும்.

— கேக்கட்டும்! உப்பிட்டவரை உள்ளளவும் நினைம்பாக. அவுக சாப்பாட்டுல உப்பே இல்லன்னு நீங்கதான் சொன்னீக. நீங்க தின்ன உப்பு என் ஊறுகா உப்பு. யாருக்கு விசுவாசம் காட்டியிருக்கணும்?

— ஏட்டி, நான் என்ன செய்ய? முதலாளி எந்திரிச்சுட்டாக. மேனேஜரு தட்டை நீட்டிக்கிட்டு, "பெருமாள் ஆசீர்வாதமா நெனச்சு எடுத்துக்கோப்பா"ங்காரு. அந்தப் பரிமாறுத பொம்பளை வேற வெத்தலையைப் பச்சைக் கீரைன்னு நெனச்சு எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டாந்து பக்கத்துல வைக்கா. வெள்ளைக்காரரு கையைத் தட்டுதாரு. அம்புட்டுப் பேரு முன்னாடி நீட்டுன தட்டை எப்படி அந்தரத்துல விட? கை தானாப் போயிருச்சு.

— கையை ஒடிச்சிருக்கணும்.

— ஒடிச்சிருக்கலாம். ரெண்டு நாளா விருதுநகர்ல கமிட்டி ஆபீசு பெஞ்சுல படுத்துக்கிட்டு அதைத்தான் நெனச்சேன். சோலி ஒண்ணும் இல்ல. ஊருக்கு வரப் பயம். அக்கா மூஞ்சியில முழிக்கப் பயம். உன் வாயிக்குப் பயம்.

— ம். இப்பவாவது நெசம் வருது.

— நீ கேட்டது எல்லாம் சரி. அந்தத் தட்டு எடுக்கவ மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்கு. நான் போயி வாசல்ல சொல்லிருதேன். வாங்குனது நெசம், அறிவில்லாம வாங்கிட்டேன்னு. காலம்பற உங்க கூட நானும் கேட்டுல உக்காருதேன். தட்டை முதலாளி மூஞ்சிக்கு நேரா திருப்பிக் குடுத்துருவோம். அந்தப் பட்டியலும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்.

— எந்தப் பட்டியலு?

— அந்த ஆறு பேரு பட்டியலு.

— பேச்சுவார்த்தையில கெடக்குன்னீக?

— பொய்யி. அங்கனயே எழுதியாச்சு. மேனேஜரு மாடு, கோழின்னு படம் போட்டாரே, அந்தத் தாளுக்குப் பின்பக்கத்துலதான் எழுதுனாரு. மொதப் பேரு உன் பேரு.

— என்னது?

— உன் பேருதான். "வைண்டிங்குல யாரு கை நல்ல கை, சொல்லு"ன்னு முதலாளி கேட்டாக. நான் உன்னையச் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் தட்டை நீட்டுனாக. இப்ப அது எதுக்கு? நான் போயி அந்தப் பேரை அடிச்சுப் போட...

— மெதுவாப் பேசுங்க.

— ஏன்?

— வாசல்ல ஆளு இருக்கு.

— இப்பத்தான் கேக்கட்டும்னு கத்துன?

— மெதுவான்னேன். மொதப் பேரா?

— மொதப் பேரு.

— எந்த ஷிப்டு?

— பகல் ஷிப்டு. ஆனா அதுல கை வேலையே இல்லட்டி. நூலை மிசினு ஒட்டிரும். சிவப்பு லைட்டு எரிஞ்சா ஒரு பட்டனை அமுக்கணும், அம்புட்டுத்தான்.

— மத்த அஞ்சு பேரு?

— சின்னப் பிள்ளைகளா அஞ்சு பேரு. மேனேஜரே எழுதிக்கிட்டாரு.

— முத்தாத்தா மதினி பேரு?

— இல்ல. நாப்பத்தெட்டு வயசாச்சாம், கண்ணு தெரியாதாம். அதைக் கேட்டப்பவே எனக்கு... சரி, அதை விடு. அந்தத் துண்டை எடு. கையைக் கழுவிட்டு வெளிய போறேன். நீ கேட்ட கேள்விதான் என் கண்ணைத் தெறந்துச்சு.

— உக்காருங்க.

— போயிட்டு வந்து சாப்பிடுதேன்.

— உக்காருங்கன்னு சொன்னேன்ல? இன்னும் மோரு ஊத்தலை. அந்தத் தாளு இப்ப யாரு கையில இருக்கு?

— மேனேஜருகிட்ட. ஏன்?

— வேற யாருக்கும் தெரியாதுல்ல? சோலைராஜுக்கு?

— தெரியாது. அழகு, ஏன் ஒரு மாதிரி பேசுத? ஏட்டி, அந்த வெத்தலையை என்ன செய்ய? அதை எதுக்கு வாயில போடுத? காஞ்ச சருகு, தொண்டையில சிக்கிரும்!

— ஏட்டி அழகு! எம்புட்டு நேரந்தான் வெயில்ல நிக்க? தம்பி என்ன சொல்லுதான்? என்னட்டி இது, வாயில எதையோ அதக்கிக்கிட்டு வந்து நிக்க?

— இத்தாலி முட்டாயி, முத்தாத்தா மதினி. அவுக அந்தத் தட்டைக் கையால கூடத் தொடலையாம். எல்லாரும் வீட்டுக்குப் போங்க, காலம்பற எப்பயும் போல வேலைக்கு வந்துருங்க.